ஆற்றுமண் வீடு

பக்கத்து வளவில் யாரோ மண் அரிக்கிறார்கள். சாய்த்து நிறுத்திய கம்பிவலையில் மண்வெட்டியால் வீசும்போது எழும் சத்தம். முதலில் ஒரு அறை, பிறகு நீளமாக ஒரு சறுக்கல், கடைசியில் சிறுகற்கள் மட்டும் வலையின் முன்பக்கம் உருண்டு விழும் உதிர்வு. அறை, சறுக்கல், உதிர்வு. காலையிலிருந்து இதுதான். எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன், அங்கேயும் கேட்டது. படலையைத் திறந்து தெருமுனை வரை நடந்தேன். முதுகுக்குப் பின்னால் வந்தது. திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். மறுபடி எழும்பினேன்.

"காலில என்ன சில்லுப் பூட்டியா இரிக்கி? இருந்த இடத்தில இரிக்க மாட்டீங்களா?" என்றாள் மனைவி.

"மண் அரிக்கிறாங்க."

"அரிக்கட்டும். வீடு கட்டுறவன் மண் அரிக்காம மாவா அரிப்பான்?"

அவள் சொல்வது சரி. அவளுக்கு அது மண் அரிக்கும் சத்தம் மட்டுமே. எனக்கு அது என் மகளுக்காகக் கட்டிய வீட்டின் சத்தம். அந்த வீட்டைக் கட்டும்போது என் தங்கைக்கு நான் என்னவாக இருந்தேன் என்பதன் சத்தம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண் வந்து இருப்பவன். நானும் அப்படித்தான் வந்தேன். இந்தக் கூரை மாமியார் தன் மகளுக்குக் கொடுத்தது. இத்தனை வருஷமும் நான் இதன் கீழ் நல்ல விருந்தாளியாக இருந்திருக்கிறேன். பெண்பிள்ளை பிறந்த அன்றே தகப்பனின் தலைக்குள் ஒரு அத்திவாரம் வெட்டப்பட்டுவிடும். கலியாணம் பேச வருகிறவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்க்குமுன் வளவைப் பார்ப்பார்கள். வளவில் சுவர் எழும்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலின் மேல் குடியிருப்பவர்கள் நாங்கள். எங்கே தோண்டினாலும் மணல். ஆனால் அது உப்பு ஊறியது. அதைக் கொண்டு கட்டினால் அடுத்த மாரிக்குள் சுவர் வெள்ளையாகப் பூத்து உதிரும். வீட்டுக்கு ஆற்றுமண் வேண்டும். மேற்கே காடுகளில் பிறந்து வயல்களுக்குள்ளால் வந்து வாவியில் விழும் ஆற்றின் மண்.

நாட்டில் சண்டை ஓய்ந்த பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கினோம். ரோட்டுக்கு, பாலத்துக்கு, ஹோட்டலுக்கு, வெளிநாட்டுக் காசில் எழும்பும் மாடிகளுக்கு, எல்லாவற்றுக்கும் மண். இடுப்பளவு தண்ணீரில் நின்று சட்டியால் அள்ளித் தோணியில் போட்டவர்கள் கரையேறினார்கள். உழவு மெசின்கள் ஆற்றுக்குள் இறங்கின. பிறகு டிப்பர்கள், மண் கிண்டும் பெக்கோக்கள். அனுமதி ஒரு வளைவுக்கு இருக்கும், கிண்டுவது மூன்று வளைவுகளில் நடக்கும். மண் ஏற்றுகிறவர்களுக்குள் அடிபிடி வந்தது. ஒரு வாலிபனைச் சந்தியில் வைத்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குள் சண்டையே இல்லை. அதைப் பார்த்துத்தான் நாங்கள் பயந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து அந்த ஆறு ஒருவனுடையதாகிவிட்டது என்பதை நாங்கள் விளங்கிக்கொள்ளவில்லை. இல்லை, விளங்கியது. நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை.

அதன் பிறகு அவன் சொல்லாமல் ஒரு டிப்பர் அந்த ரோட்டில் ஓடாது. சந்திகளில் போனும் கையுமாகப் பொடியன்கள் குந்தியிருந்தார்கள். சோதனைக்கு ஜீப் வரும்போது ஆறு காலியாக இருக்கும், கொக்குகள் மட்டும் நிற்கும். ஜீப் கிறுகித் திரும்பிப் போனதும் கொக்குகள் எழும்பும்.

அவன் என் மனைவியின் சின்னம்மா மகன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். என்னை அத்தான் என்பான். மற்றவர்களின் வயலில் கூலிக்கு உழவு மெசின் ஓட்டியவன். குடிப்பதில்லை. குரல் உயர்த்துவதில்லை. அம்மன் கோயில் சடங்குக்கு முதல் நாளே வந்து பந்தல்கால் நடுவதைப் பார்ப்பான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு ஒரு முகம் வேண்டும். அவனுக்கு அப்படி ஒரு முகம் இல்லை.

என் தங்கைக்கு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், அம்மா சீதனமாகக் கொடுத்த வயல். ஆற்றோரத்து வட்டையில், அந்த வயல்வெளியில், கடைசிக் காணி அது. வரம்பைத் தாண்டினால் மருத மரங்கள், மரங்களைத் தாண்டினால் ஆறு. ஒருநாள் அச்சகத்தில் நான் ஒரு கலியாணக் கார்டுக்கு எழுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அண்ணா, பெரிய மருது விழுந்திட்டு."

"காத்துக்கா?"

"காத்தா? ஒரு இலை ஆடல்ல. அடியில மண்ணில்ல. நிண்ட மரம் அப்பிடியே குந்திட்டு."

ஆற்றின் அடி இறங்கிவிட்டது. வாய்க்காலுக்குத் தண்ணீர் ஏறவில்லை. வெயில் காலத்தில் ஆறு வாவிக்குப் போவதற்குப் பதிலாக வாவி ஆற்றுக்குள் வந்தது. தங்கையின் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் சீனிக்குப் பின்னால் உப்புத் தெரிந்தது.

மச்சான், தங்கையின் புருஷன், கோபக்காரன். ஒரு டிப்பருக்கு முன்னால் போய் நின்றிருக்கிறான். டிப்பர் நின்றது, பின்னால் போனது. மறுநாள் பகல் அவன் இல்லாத நேரம் இரண்டு பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றிருக்கிறார்கள். நடந்ததைத் தங்கை போனில் எனக்கு நடித்தே காட்டினாள்.

"'அக்கா, குடிக்கத் தண்ணி தாங்க' எண்டானுகள். குடுத்தன். ஒருத்தன் குடிச்சிட்டு, 'என்ன கா, உப்பாக் கிடக்கு' எண்டு மூஞ்சச் சுளிக்கான். எனக்கு வந்த சிரிப்பு! மத்தவன் இவர்ட மோட்டார் சைக்கிளச் சுத்திச் சுத்திப் பாத்தான். 'அண்ணன் இதிலயா வட்டைக்குப் போற? பிரேக்கெல்லாம் பழசாப் போச்சே. பாத்துப் போகச் சொல்லுங்க அக்கா. டிப்பர்காரனுகள் கண்மண் தெரியாம ஓடுறானுகள்' எண்டான். மறுகா, குடிச்ச செம்பக் கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போனானுகள்."

"வேற ஒண்டும் சொல்லல்லயா?"

"இல்ல. செம்பக் கழுவி வச்சானுகள் அண்ணா. அதுதான் எனக்குப் பயம்."

கன்னக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. கன்னம் என்பது ஒரு விதைப்புப் போகம்; அதற்கு முன்னால், எந்த நாளில் தண்ணீர் திறப்பது, எந்த நாளுக்குள் மாடுகளை அப்புறப்படுத்துவது என்று வயற்காரர் எல்லாரும் அதிகாரிகள் முன்னால் கூடி முடிவு செய்யும் கூட்டம். அதில் எழும்பிச் சொல்லப்போவதாகத் தங்கை சொன்னாள். புருஷனை வீட்டில் நிறுத்திவிட்டுத் தானே போவாளாம்.

"அவர் கதைச்சா அடிபிடியில முடியும். நான் கதைச்சா, புருசன்ட கோவத்தப் பொண்டாட்டி கக்குறாள் எண்டுவானுகள். எனக்குப் பிறகு ரெண்டாவது வாய் ஒண்டு வேணும் அண்ணா. நீங்க வந்து எழும்புங்க. பெரிசா ஒண்டும் வேணாம். 'ஓம், நானும் பாத்தன், கரை விழுகுது' எண்டு சொன்னாக் காணும்."

"ஓம், வாறன்," என்றேன். அந்த ஓமில் ஒரு தடுமாற்றமும் இருக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்துப் பார்க்கிறேன். எங்காவது ஒரு கீறல் இருந்ததா என்று. இல்லை. நல்ல முழு ஓம்.

அதே நாட்களில் மகளுடைய வீடு இடுப்பளவுக்கு வந்து நின்றுபோயிருந்தது. மண் இல்லை. எங்கோ மேலிடத்தில் யாரோ கோபித்துக்கொண்டதால் சில வாரங்களாக ஆறு உண்மையாகவே மூடிக் கிடந்தது. மேசன் வேறு வேலைக்குப் போகப்போவதாகப் பயங்காட்டினார். மகளைக் கேட்டு வந்தவர்கள் தைக்குள் கலியாணம் என்று நின்றார்கள். நான் அச்சகத்துக்குப் போயிருந்த ஒரு பகலில் மனைவி தன் சின்னம்மா மகனுக்குப் போன் செய்திருக்கிறாள்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறிய பிறகு, ஊர் பார்க்க, டிப்பர் வந்து கொட்டியது. இன்னொன்று வந்தது. மேசன் ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஐயா, இது மண்ணில்ல, பவுன். இதில பூசினா உங்கட பேரப்புள்ளைகள் இடிக்க நினைச்சாலும் ஏலாது."

அந்தக் குவியலுக்குள் கையை விட்டேன். உள்ளே இன்னும் குளிர்ந்திருந்தது. முழங்கை வரை போனது. விரலில் ஒரு வேர் சிக்கியது. சிவப்பாக, நீளமாக, மருத மரத்தின் வேர். ஆறு நீளமானது, மருத மரங்கள் ஆயிரம் நிற்கின்றன, இது எந்தக் கரையின் வேர் என்று யார் சொல்வது? இப்படி ஒரு வாதம் எனக்குள் தானாகவே ஓடியது. வேரை இழுத்து வேலிக்கு அப்பால் எறிந்தேன். எறிந்த பிறகு மேசனிடம், "அரியுங்க," என்றேன்.

நிலை வைக்கும் நாள் வந்தது. வாசல் நிலையை நிறுத்தும் அந்தக் காலையில் வட்டா வைப்பது எங்கள் வழக்கம். கால் வைத்த பித்தளைத் தட்டுத்தான் வட்டா. அதில் வெற்றிலை, பாக்கு. யார் முன்னால் முதலில் வைக்கிறோமோ அவருக்கு அந்த வீட்டின் மரியாதை. கொடுத்தவனும் முதலில் எடுத்தவனும் அதற்குப் பிறகு சபையில் ஒருவரையொருவர் எதிர்த்துக் கதைப்பதில்லை. இது எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை. மீறினால் தண்டமும் கிடையாது. ஆனால் மீறியவனுடைய வீட்டுக் கலியாணத்தில் வட்டாவை யாரும் தொடாமலே போய்விடுவார்கள், அவ்வளவுதான். நிலை வைக்கும் நாளின் முதல் வட்டா தங்கையின் புருஷனுக்கு. முறை அது.

தங்கையும் மச்சானும் தேங்காயும் புது வேட்டியும் கொண்டு விடியவே வந்துவிட்டார்கள். நிலைக்கு மஞ்சள் பூசும் நேரத்தில் மண் தந்த அவன் வந்தான். தனியாக, நடந்து. கதிரை போட்டும் இருக்கவில்லை. சீமெந்துப் பைகளின் மேல் ஓரமாகக் குந்தினான். மனைவி வட்டாவை என் கையில் தந்தாள். மச்சான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து இருந்தான். நான் மச்சானை நோக்கித்தான் நடந்தேன். பிறகு கால் சீமெந்துப் பைகளின் பக்கம் திரும்பியது. காலின் மேல் பழி போடுகிறேன், பாருங்கள்.

"எனக்கா?" என்று அவன் எழும்பிவிட்டான். "வேணாம் அத்தான். மச்சானுக்கு வச்சிட்டு வாங்க. முறையில்லயா?"

அவனே எனக்கு வழி விட்டான். ஒரு படலையைத் திறந்து பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நின்றான். நான் சொன்னேன்: "நீயும் இந்த வீட்டுப் பிள்ளைதானே."

அவன் எடுத்தான். இரண்டாவதாக மச்சானிடம் போனேன். அவன் ஒரு வெற்றிலையை எடுத்தான், வாயில் வைக்கவில்லை, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். தங்கை அப்போது அடுப்படிப் பக்கம் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

கன்னக் கூட்டம் ஒரு கோயில் மண்டபத்தில். அதிகாரிகள் மேசைக்குப் பின்னால். வயற்காரர்கள் பாயில். பின்வரிசையில் தூணோடு நான். அவன் முன்வரிசையில், வெள்ளைச் சட்டையுடன். அவனுக்கும் அந்த வட்டையில் இப்போது வயல் இருந்தது.

தங்கை எழும்பினாள். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். மரம் குந்தியதைச் சொன்னாள். வாய்க்கால் வாயில் தண்ணீர் எட்டாததைச் சொன்னாள். "இந்தக் கன்னத்துக்கு எந்த நாள் தண்ணி திறக்கிற எண்டு கதைக்கீங்க. திறந்தா எங்க வாற? ஆறு பள்ளத்தில கிடக்கு, வயல் மேட்டில கிடக்கு. தண்ணி என்ன, ஏணி வச்சா ஏறும்?"

யாரோ சிரித்தார்கள். அதிகாரி கேட்டார்: "இதை வேறு யாராவது கண்டீங்களா?"

மண்டபத்தில் பாதிப் பேருடைய மகன்மார் டிப்பர் ஓட்டினார்கள். மீதிப் பேர் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவன் எழும்பினான். "அக்கா சொல்றத நான் பொய் எண்டு சொல்லல்ல," என்றான். "அவட அண்ணன் இஞ்சதான் இரிக்கார். படிச்ச மனுசன். என்ட மண்ணிலதான் மகளுக்கு வீடு கட்டுறார். நான் அவர்ட வட்டாவில வெத்திலை எடுத்திரிக்கன். களவு மண்ணெண்டா அவர் வாங்குவாரா? அவரே சொல்லட்டும்."

எல்லாத் தலைகளும் திரும்பின. தங்கையின் தலை மட்டும் திரும்பவில்லை. அவள் இன்னும் மேசையைப் பார்த்து நின்றாள், எனக்காகக் காத்துக்கொண்டு.

நான் எழும்பினேன். வாய் மூடி இருந்திருக்கலாம். எழும்பினேன். "ஆறு நம் எல்லாருக்கும் தாய்," என்றேன். "பசித்தால் பிள்ளைகள் தாயிடம்தான் கேட்பார்கள். விவசாயியும் பிள்ளை, மண் எடுப்பவரும் பிள்ளை. மனம்விட்டுப் பேசினால் தீராத பிரச்சினை எது? இரு பக்கமும் அமர்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம்."

நல்ல தமிழ். தடங்கல் இல்லை. மண்டபம் மூச்சு விட்டது. ஒருவர் கை தட்டினார். இன்னும் சிலர் தட்டினார்கள். அதிகாரி தலையசைத்துவிட்டு, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்று அடுத்த விஷயத்துக்குப் போனார். தங்கை மெதுவாகப் பாயில் இருந்தாள்.

மகளுடைய வீடு முடிந்தது. தையில் கலியாணமும் நடந்தது. தங்கை மாமி முறைக்குச் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தாள். ஒரு சடங்கு குறையவில்லை. மருமகன் நல்ல பிள்ளை. சுவரில் ஒரு வெடிப்பில்லை, உப்புப் பூக்கவில்லை. மாரி முழுக்க மழை அடித்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஏதாவது உதிர்ந்தால் எனக்கு ஒரு ஆறுதலாக இருக்கும் என்று தோன்றும். மகள் வீட்டுக்குப் போனால் சுவரைத் தடவிப் பார்க்கிறேன். "அப்பா என்ன தேடுறார்?" என்று அவள் தாயிடம் கேட்கிறாள்.

தங்கை அந்தக் கன்னம் விதைத்தாள். பயிர் முழங்காலுக்கு வந்து மஞ்சளித்தது. வரம்பு ஒருநாள் ஆற்றுக்குள் போனது. பிறகு அவன் ஆள் அனுப்பினான்: விழப்போகிற காணிதானே, தானே எடுத்துக்கொள்வதாக, மச்சானுக்கு வேலையும் தருவதாக. மச்சான் மறுத்தான் என்று எழுத ஆசைப்படுகிறேன்.

போன மாசம் பார்க்கப் போனேன். வயல் இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் நின்ற ஒரு பெரிய பள்ளம்; அதன் விளிம்பில் பெக்கோ. சந்தியில் பிளாஸ்டிக் கதிரை போட்டு மச்சான் இருந்தான், கையில் போன். என்னைக் கண்டதும் எழும்பி, "வாங்க மச்சான், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க," என்றான். குரலில் ஒன்றுமில்லை. கோபமாவது மீதி இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

தங்கை என்னுடன் துறைவரை நடந்து வந்தாள். வாவியைக் கடக்க அங்கே மிதவைப் படகு. அதை நாங்கள் பாதை என்போம். பாதை அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்ல அந்த நேரம்தான் இருந்தது.

"தங்கச்சி, அண்டைக்கு நிலை வைக்கிற நேரம்..."

"பாத்தன். அடுப்படியில நிண்டு பாத்தன்." அவள் வாவியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதில எனக்குக் கோவமில்ல. பொம்புளப் புள்ளையப் பெத்த ஆள், பயந்திருப்பீங்க. கூட்டத்தில நீங்க வாயத் திறக்காம இரிந்திரிந்தாலும் கோவிச்சிரிக்க மாட்டன். ஏன் அண்ணா அவ்வளவு வடிவாக் கதைச்சீங்க?"

பாதை கரையில் முட்டியது. ஒரு மோட்டார் சைக்கிளும் இரண்டு மாடும் இறங்கின. நான் ஏறுவதற்கு முன், மூச்சுப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "நான் இதை எழுதப்போறன். எல்லாத்தையும். அவன்ட பேரையும் போட்டு."

முதல் தடவையாக அவள் முகத்தில் பழைய பயம் வந்தது. செம்பைக் கழுவி வைத்துவிட்டுப் போன அந்தப் பகலின் பயம். என் கையைப் பிடித்தாள். விடவில்லை. பாதைக்காரன், "ஐயா, ஏறுறீங்களா இல்லையா?" என்று கத்தினான். ஏறினேன். கயிற்றை அவிழ்த்தார்கள். நடுவில் தண்ணீர் விரியத் தொடங்கிய பிறகுதான் அவள் சொன்னாள், எஞ்சின் சத்தத்துக்கு மேலால், கையை வாயில் குவித்துக்கொண்டு:

"எழுதுறெண்டா எழுதுங்க அண்ணா. ஆத்துட பேரக்கூடப் போட்டிராதீங்க. எங்கட ஆளுக்கு நாளைக்கும் அங்கதான் வேல."